சொரியாசிஸ்: மருந்து கொடுத்தாங்க, பாடம் எடுத்தது யாரு?

எங்க தெருவுல எங்கம்மாவுக்குப் பேரு கிடையாது. மாவு அக்கா, அவ்வளவுதான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாசல்ல ஸ்டூல் போட்டு அது மேல எவர்சில்வர் குண்டானை வச்சா எட்டு மணிக்குள்ள காலி ஆயிடும். நான் பள்ளிக்கூடம் போனது, இப்ப பி.காம். மூணாவது வருஷம் படிக்கிறது எல்லாமே அந்தக் குண்டான்லருந்துதான். அப்பா லோடு ஆட்டோ ஓட்டறார். ஆட்டோ கடனுக்கே அது சரியாப் போயிடும்.

அம்மாவுக்கு முழங்கையிலயும் முட்டியிலயும் ரொம்ப நாளா சிவப்பா தடிப்பு தடிப்பா இருக்கும். மேல வெள்ளையா செதில். ‘சூடு’, ‘கரப்பான்’னு ஆளாளுக்கு ஒரு பேரு வச்சாங்க. புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கிட்டா தெரியாது, அதனால அம்மா கண்டுக்கல. போன வருஷம் அது உள்ளங்கைக்கு வந்துச்சு. தோல் தடிச்சு, பாளம் பாளமா வெடிச்சு, உப்புத் தண்ணி பட்டா துடிச்சுப் போயிடுவாங்க. உள்ளங்கையை எந்தத் தலைப்பை வச்சு மூட முடியும்? மாவு அள்ளி ஊத்தற கை அது.

முதல்ல ஒரு வீட்டுக்காரங்க “ஊருக்குப் போறோம், ரெண்டு நாள் வேணாம்”னாங்க. அப்புறம் இன்னொருத்தங்க “வீட்லயே கிரைண்டர் வாங்கிட்டோம்க்கா”ன்னாங்க. மூணாவதா ஒரு அக்கா மட்டும் நேர்மையா என்கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, “தம்பி, தப்பா நினைக்காதே, அம்மாவுக்கு அந்த மாதிரி வியாதி ஏதும்...”ன்னு இழுத்தாங்க. அந்த மாதிரின்னா எந்த மாதிரின்னு உங்களுக்குப் புரியும். அம்மாவோட கணக்கு நோட்டை எடுத்துப் பாத்தேன். 34 வாடிக்கை வீட்ல 9 வீடு நின்னு போயிருந்துச்சு.

இதுல என் பங்கு என்னன்னு கேட்டா, களிம்பு வாங்கிட்டு வந்ததுதான். தெருமுனை மெடிக்கல் ஷாப்ல “அம்மாவுக்குக் கையில படை மாதிரி இருக்குண்ணே”ன்னேன். ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தாங்க. சீட்டு கேக்கல, நானும் காட்டணும்னு நினைக்கல. போட்ட மூணாம் நாளே பளிச்சுன்னு ஆயிடுச்சு. அம்மா நிறுத்திட்டாங்க. ரெண்டு வாரத்துல முன்னைவிட அதிகமா வந்துச்சு. திரும்ப அதே கடை, அதே டியூப். இப்படி எட்டு மாசம். ஒவ்வொரு தடவையும் வாங்கிட்டு வந்தது நான்தான், நல்ல பிள்ளை மாதிரி.

அந்த டியூப்ல இருந்தது வீரியமான ஸ்டீராய்டு. கூடவே பூஞ்சைக்கு ஒண்ணு, கிருமிக்கு ஒண்ணுன்னு மூணு மருந்து கலந்த களிம்பு. நம்ம நாட்டுல இந்த மாதிரிக் களிம்பை முகம் வெளுக்கறதுக்குக்கூட தடவிக்கிறாங்க. 2018-ல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுங்கற பட்டியல்ல சேர்த்துச்சு. இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரியும்.

கடைசியா ஒரு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனேன். காலையில ஏழு மணிக்கு வரிசை. உள்ள போனதும் டாக்டர் கையைப் பாத்தார், முட்டியைப் பாத்தார், தலைமுடியை விலக்கிப் பாத்தார். “சொரியாசிஸ்.” ரத்தப் பரிசோதனை, எக்ஸ்-ரே எழுதினார். ரெண்டாம் தடவை ரிப்போர்ட்டைப் பாத்துட்டு மாத்திரை, களிம்பு எழுதிக் கொடுத்தார். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். எங்களுக்குப் பின்னால நூறு பேராவது நின்னாங்க. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல.

மாத்திரை ரெண்டு வகை. ஒண்ணு மெத்தோட்ரெக்சேட். இன்னொண்ணு ஃபோலிக் ஆசிட். ரெண்டுமே மஞ்சளா, பொடிசா இருக்கும். மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துல ஒரே ஒரு நாள் சாப்பிடணும். ஃபோலிக் ஆசிட் மத்த நாள்ல. சீட்டுல ஆங்கிலத்துல அப்படித்தான் எழுதியிருந்துச்சு. அம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, தமிழ்ல பேப்பர் ஒரு வரி விடாம படிப்பாங்க. ஆங்கிலச் சீட்டு அவங்களுக்கு வெறும் கிறுக்கல். மருந்து கொடுத்த இடத்துல வாயால வேகமா சொன்னதை அம்மா மாத்தி ஞாபகம் வச்சுக்கிட்டாங்க.

தினமும் சாப்பிட வேண்டியதை வாரம் ஒரு தடவைன்னும், வாரம் ஒரு தடவை சாப்பிட வேண்டியதை தினமும்னும்.

மூணாம் நாள் காலையில “குமட்டுதுப்பா, நாக்கெல்லாம் எரியுது”ன்னாங்க. காபி கூட இறங்கல. நான் சும்மா அட்டையைத் திருப்பிப் படிச்சேன். அப்புறம் மொபைல்ல பேரைப் போட்டுத் தேடினேன். எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. மெத்தோட்ரெக்சேட் பெரிய அளவுல புற்றுநோய்க்குக் கொடுக்கற மருந்து. சின்ன அளவுல, வாரம் ஒரு தடவை, சொரியாசிஸுக்கும் மூட்டு வாதத்துக்கும் நல்ல மருந்து. அதே சின்ன அளவைத் தினமும் சாப்பிட்டா எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்கறதையே நிறுத்திடலாம். உயிர் போயிருக்கு. எங்கெங்கேயோ இல்ல, எல்லா நாட்டுலயும். பிரிட்டன்ல 2020-ல அவங்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுக்குன்னே எச்சரிக்கை விட்டுச்சு: எந்தக் கிழமைன்னு நோயாளியோட பேசி முடிவு பண்ணி, அந்தக் கிழமையோட பேரை முழுசா எழுதணும்னு. அவ்வளவு படிச்ச நாட்டுலயும் இதே தப்பு நடந்திருக்கு.

அன்னைக்கு ஆட்டோவை எடுத்துக்கிட்டு அப்பாவும் வந்தார். ஆஸ்பத்திரியில உடனே மாத்திரையை நிறுத்தி, ரத்தம் எடுத்துப் பாத்து, ஒரு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாத்தாங்க. அணுக்கள் எல்லாம் சரியா இருந்துச்சு. மூணு நாளோட போச்சு. நான் அன்னைக்கு அட்டையைத் திருப்பாம காலேஜுக்குக் கிளம்பியிருந்தா? அதை நினைச்சா இப்பவும் எனக்கு வயித்தைப் பிசையும்.

அந்த ஒரு வாரம் கழிச்சுப் போனப்பதான், மேற்படிப்பு படிச்சுக்கிட்டிருந்த ஒரு சின்ன வயசு டாக்டரம்மா எங்களை ஓரமா ஒரு பெஞ்சுல உக்கார வச்சாங்க. பதினஞ்சு நிமிஷம் இருக்கும். எட்டு மாசக் களிம்பும் மூணு நாள் மாத்திரையும் செய்யாததை அந்தப் பதினஞ்சு நிமிஷம் செஞ்சுச்சு.

முதல்ல அம்மா கேட்டது, “டாக்டரம்மா, இது எப்ப போகும்?”

“போகாதும்மா”ன்னாங்க, தயங்காம. “சர்க்கரை, பிரஷர் மாதிரி. கட்டுக்குள்ள வச்சுக்கலாம். நல்லா வச்சுக்கலாம். சில சமயம் மாசக்கணக்கா ஒண்ணுமே இல்லாமகூட இருக்கும். ஆனா ஒரேயடியா போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.”

அம்மா முகம் வாடிடுச்சு. எனக்கு அந்த நேரத்துல பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் பாடம் ஞாபகம் வந்துச்சு (சிரிக்காதீங்க மக்களே). முதலினச் செலவு, வருவாயினச் செலவு. கிரைண்டர் வாங்கறது முதலினச் செலவு, ஒரு தடவை போட்டா பல வருஷம் பலன். கரண்ட் பில் கட்டறது வருவாயினச் செலவு, ஓடற வரைக்கும் கட்டிக்கிட்டே இருக்கணும். நாங்க எட்டு மாசமா சொரியாசிஸை கிரைண்டர் வாங்கற மாதிரி நினைச்சுக்கிட்டிருந்தோம். நல்ல மருந்து ஒண்ணை ஒரு தடவை போட்டுட்டா முடிஞ்சு போயிடும்னு. அது கரண்ட் பில். இந்த ஒரு விஷயம் தப்பா இருந்ததாலதான் மத்த எல்லாமே தப்பாப் போச்சு. பளிச்சுன்னு ஆனதும் நிறுத்தினது, திரும்ப வந்ததும் “மருந்து சரியில்ல”ன்னு திட்டினது, அடுத்தவங்க சொன்ன இடத்துக்கெல்லாம் ஓடினது.

அப்புறம் இது என்னன்னு சொன்னாங்க. நம்ம தோல் அடியில புதுசா உருவாகி மேல வந்து உதிர சாதாரணமா ஒரு மாசம் ஆகும். சொரியாசிஸ்ல உடம்போட எதிர்ப்பு சக்தி தப்பா முடுக்கிவிட்டு, அந்த வேலை சில நாள்லயே முடிஞ்சுடுது. உதிர்றதுக்குள்ள அடுத்தது வந்து, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்குது. அதுதான் செதில்.

அம்மா உடனே, “புளிச்சுப் பொங்கி வழியற மாவு மாதிரியா டாக்டரம்மா?”ன்னாங்க.

டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. “அதேதான். இனிமே எல்லாருக்கும் இதையே சொல்றேன்.”

“ஒட்டுமா?” இதைக் கேக்கறப்ப அம்மா குரல் இறங்கிடுச்சு. ஒட்டாது. தொட்டா ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டா ஒட்டாது, மாவு வழியாவும் ஒட்டாது. கிருமியே இல்ல, அப்புறம் எப்படி ஒட்டும்? ஒரு காலத்துல டாக்டர்களே இதையும் தொழுநோயையும் போட்டுக் குழப்பிக்கிட்டிருந்தாங்க. வியன்னாவுல ஃபெர்டினாண்ட் ஹெப்ரான்னு ஒருத்தர் 1841-ல ரெண்டும் வேற வேறன்னு பிரிச்சுக் காட்டினார். எங்க தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வரல. தொழுநோயும் மருந்தால குணமாகற நோய்தாங்கறதும் வந்து சேரல.

களிம்பு பாடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா அதுல கணக்கு இருந்துச்சு. ஆள்காட்டி விரலோட நுனியிலருந்து முதல் ரேகை வரைக்கும் டியூபைப் பிதுக்கினா ஒரு விரல்நுனி அளவு. சுமாரா அரை கிராம். அது பெரியவங்களோட ரெண்டு கை அகலத்துக்கு, விரலெல்லாம் சேர்த்து, சரியாப் போதும். 1991-ல லாங், ஃபின்லேன்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரையில வந்த அளவு, இன்னைக்கு உலகம் முழுக்க இதைத்தான் சொல்லிக் கொடுக்கறாங்க. அம்மாவுக்கு எல்லா இடத்தையும் சேர்த்தா பத்து கை அகலம். அப்ப அஞ்சு விரல்நுனி, ரெண்டரை கிராம். ஒரு நாளைக்கு ரெண்டு வேளைன்னா அஞ்சு கிராம். 15 கிராம் டியூப் மூணு நாள்ல தீரணும். அம்மா ஒரு டியூபை ஒரு மாசம் ஓட்டிக்கிட்டிருந்தாங்க! அதாவது போட வேண்டியதுல பத்துல ஒரு பங்கு. “விலை அதிகம்ல, அதான் பாத்துப் பாத்துப் போட்டேன்.” வீட்டுச் செலவுல மிச்சம் பிடிக்கற அதே புத்தியை இதுலயும் காட்டியிருக்காங்க பாவம்.

ஸ்டீராய்டு கெட்டதுன்னு டாக்டரம்மா சொல்லல. எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்னு தெரியாம போடறதுதான் கெட்டது. சொன்ன அளவு, சொன்ன நாள் வரைக்கும் போட்டு, படிப்படியா குறைக்கணும். முகத்துலயும் அக்குள் தொடை இடுக்குலயும் அந்த வீரியமான களிம்பு கூடவே கூடாது. அந்த இடத்துல தோல் மெல்லிசாகிக் கோடு விழுந்துடும்.

அதுக்கு அடுத்தது எண்ணெய். குளிச்சுத் துடைச்ச உடனே, ஈரம் முழுசா காயறதுக்குள்ள, சுமார் மூணு நிமிஷத்துக்குள்ள தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவணும். தண்ணி ரொம்பக் கொதிக்கக் கூடாது. அம்மா இத்தனை நாளா கொதிக்கக் கொதிக்க ஊத்தி, பீர்க்கங்கூடு போட்டு செதிலைத் தேய்ச்சு எடுத்துக்கிட்டிருந்தாங்க. அழுக்குன்னு நினைப்பு. சொரியாசிஸ் இருக்கறவங்களுக்குத் தோல்ல எங்க காயம் பட்டாலும் அங்கேயே புதுசா தடிப்பு கிளம்பலாம். கோப்னர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1870-கள்ல கவனிச்சது இது. தேய்ச்சுத் தேய்ச்சு அம்மாவே அதை வளர்த்துக்கிட்டிருந்தாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க: வாசலின் மாதிரி பாரஃபின் சாமான்கள் துணியில ஊறியிருந்தா நெருப்பு சட்டுன்னு பத்திக்கும். தடவிக்கிட்டு அதே புடவையோட அடுப்புகிட்ட நிக்காதீங்க, துணியை அடிக்கடி துவைங்க. சமையல் பண்றவங்களுக்கு இதைச் சொல்லாம விட்டா எப்படி?

மாத்திரைக்கு கிழமை குறிச்சாங்க. திங்கள். கவர் மேல தமிழ்ல பெரிசா ‘திங்கள் மட்டும்’னு எழுதினாங்க. காலையில விரல் மூட்டோ இடுப்போ விறைச்சுக்கிட்டு வலிச்சா உடனே வரணும், ஏன்னா இந்த நோய் சிலருக்கு மூட்டையும் பிடிக்கும், விட்டா மூட்டு வளைஞ்சுடும். காய்ச்சல், வாய்ப்புண், மூச்சு வாங்கறது வந்தா அடுத்த மாத்திரையைப் போடாம வரணும். டாக்டர் கேட்காம வேற வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. ரத்தப் பரிசோதனை தேதி தவறக் கூடாது.

இவ்வளவும் பதினஞ்சு நிமிஷத்துல. இதுல எதுவுமே புதுக் கண்டுபிடிப்பு இல்ல, விலை உயர்ந்த ஊசி இல்ல. அப்புறம் ஏன் எட்டு மாசமா எங்களுக்கு யாரும் சொல்லல?

வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேடிப் படிச்சேன். எங்களுக்கு மட்டும் இல்ல. இங்கிலாந்துல 2003-ல வெளியான ஒரு ஆய்வு கண்ணுல பட்டுச்சு. அது சொரியாசிஸ் இல்ல, குழந்தைங்களுக்கு வர்ற எக்ஸிமா. ஆனா கதை ஒண்ணுதான். 51 குழந்தைங்க. வர்றதுக்கு முன்னாடி இந்த நோய் ஏன் வருது, களிம்பை எப்படிப் போடணும்னு விளக்கம் கேட்டிருந்த பெற்றோர் நூத்துக்கு அஞ்சு பேர்கூட இல்ல. ஒரு நர்ஸ் உக்காந்து விளக்கி, களிம்பைத் தடவிக் காட்டி, திரும்பத் திரும்பப் பார்த்தாங்க. ஈரப்பசைக் களிம்பு உபயோகம் வாரத்துக்கு 54 கிராம்லருந்து 426 கிராமா ஆச்சு. நோயோட கடுமை 89 சதவீதம் குறைஞ்சுச்சு. ஸ்டீராய்டு உபயோகம் மொத்தத்துல கூடல. புது மருந்துன்னு ஒண்ணும் கண்டுபிடிக்கல. இருந்த களிம்பைப் போடச் சொல்லிக் கொடுத்தாங்க, அவ்வளவுதான்.

ஜெர்மனியில இதையே பள்ளிக்கூடம் மாதிரி நடத்தறாங்க. வாரம் ஒரு வகுப்பு, ரெண்டு மணி நேரம், ஆறு வாரம். டாக்டர், மனநல ஆலோசகர், உணவு ஆலோசகர் எல்லாரும் பாடம் எடுப்பாங்க. எக்ஸிமா உள்ள 992 பிள்ளைகளை வச்சு சோதிச்சுப் பாத்து 2006-ல முடிவு வெளியிட்டாங்க. வகுப்புக்குப் போன குடும்பங்கள்ல நோயும் குறைஞ்சுச்சு, வாழ்க்கையும் மேம்பட்டுச்சு.

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாச்சாரம்னு நினைக்கலாம். அப்படியும் இல்ல. நம்ம வேலூர்லயே இதோட வேர் இருக்கு. 1946-ல அங்க வந்த பால் பிராண்ட்ங்கற டாக்டர், தொழுநோயாளிகளோட விரல் நோயால அழுகி விழறதில்ல, உணர்ச்சி இல்லாததால படற காயத்தாலதான் போகுதுன்னு காட்டினார். அப்படின்னா காப்பாத்த வேண்டியது யாரு? அந்தக் கைக்குச் சொந்தக்காரர்தான். தினமும் காலைப் பாக்கறது, தண்ணியில ஊற வைக்கறது, எண்ணெய் தடவறது, சரியான செருப்பு போடறதுன்னு தொழுநோய் ஆஸ்பத்திரிகள்ல சொல்லிக் கொடுக்கறாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் கத்துக்கிட்டாங்க. அங்க முடிஞ்சது தோல் நோய்க்கு மட்டும் முடியாதா? டாக்டருக்கு நேரம் இல்லைன்னா நர்ஸ் சொல்லலாம், மருந்தாளுநர் சொல்லலாம், வரிசையில காத்திருக்கற ரெண்டு மணி நேரத்துல டிவியில சீரியல் போடாம இதைப் போடலாம். உலக சுகாதார அமைப்பு 2014-ல சொரியாசிஸுக்குன்னு தனித் தீர்மானமே போட்டுச்சு. தீர்மானம் வரிசை வரைக்கும் வந்தா நல்லா இருக்கும்.

சரி, சொல்லிக் கொடுத்துட்டா எல்லாம் நடந்துடுமா? அதுவும் இல்ல. கை ஈரத்துல, உப்புல, சோப்புத் தூள்ல ஊறக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னப்ப அம்மா என்னைப் பாத்தாங்க. அரிசி களையாம, உளுந்து தள்ளாம, கையால கரைக்காம மாவு எங்கருந்து வரும்? கை படாம கரைச்சா மாவு பொங்காதுன்னு அம்மாவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஒரு வாரம் சண்டை. கடைசியில ரப்பர் கையுறை, உள்ள பருத்திக் கையுறை, கரைக்கறதுக்கு நீளமான மரக்கரண்டி. முதல் நாள் ராத்திரி அம்மா ரெண்டு தடவை எழுந்திரிச்சு குண்டானைத் திறந்து பாத்தாங்க. மாவு பொங்கியிருந்துச்சு! “ஏதோ கோடைங்கறதால பொங்கியிருக்கு”ன்னாங்க. மார்கழியிலும் பொங்குச்சு (கொஞ்சம் லேட்டா). அதுக்கப்புறம் பேச்சில்லை.

சாப்பாட்டுல ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தாங்க. கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, முட்டை கூடாது. எல்லாருக்கும் பொதுவா ஒதுக்க வேண்டிய சாப்பாடுன்னு ஒண்ணும் இல்லைன்னார் டாக்டர். எடையைக் குறைக்கறது நல்லது. குடியும் சிகரெட்டும் நோயைக் கிளப்பும். சித்த வைத்தியத்துல இதுக்குக் காளாஞ்சகப்படைன்னு பேரு, வெட்பாலைத் தைலம் தடவுவாங்க. பெரியம்மா வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில போட்டு வெயில்ல வச்சுக் கொண்டு வந்தாங்க, ஊதாக் கலர்ல அழகா இருந்துச்சு. “எது போட்டாலும் மறைக்காம சொல்லுங்க, பேரில்லாத பொடியை மட்டும் உள்ளுக்குச் சாப்பிடாதீங்க”ன்னாங்க டாக்டரம்மா. மறைக்காம சொல்லலாம்ங்கறதே அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

ஃபோலிக் ஆசிட்டை மட்டும் மேசையில வச்சுட்டு, திங்கட்கிழமை மாத்திரைக்கு அம்மாவே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. தினசரி காலண்டர்ல வர்ற நாலு திங்கட்கிழமைத் தாள்லயும் மாத்திரையை அட்டையோட வெட்டி ஸ்டேப்ளர் அடிச்சுட்டாங்க. தாளைக் கிழிச்சாத்தான் மாத்திரை கைக்கு வரும். கிழிக்காம ரெண்டாவது மாத்திரை சாப்பிட வழியே இல்ல. எந்த ஜெர்மன் வகுப்புலயும் இதைச் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நினைக்கறேன்.

கணக்கு நோட்டோட பின்பக்கத்துல இப்ப இன்னொரு கணக்கு ஓடுது. வாரம் ஒரு வரி. எத்தனை கை அகலம், அரிப்பு எப்படி, அந்த வாரம் என்ன நடந்துச்சு. ஆறு மாச வரிகளைச் சேர்த்துப் படிச்சா ரெண்டு விஷயம் தெரியுது. தொண்டை வலி வந்த வாரத்துக்கு அப்புறம் ஏறுது, தீபாவளி ஆர்டர் நெருக்கடியில தூக்கம் போனப்ப ஏறுது. தொண்டைக் கிருமியும் மனக் கவலையும் இதைக் கிளப்பும்னு புத்தகத்துல இருக்கறதுதான். ஆனா அம்மாவோட நோட்டுல அம்மாவோட எழுத்துல இருக்கறது வேற. இப்பல்லாம் தொண்டை கரகரன்னதும் அவங்களே கிளம்பிடறாங்க.

பத்து கை அகலம் இப்ப ரெண்டரை. முழங்கையில இன்னும் இருக்கு. உள்ளங்கை மூடிடுச்சு. 9 வீட்ல 5 வீடு திரும்ப வந்துச்சு, 4 வீடு வரல. குரலைத் தாழ்த்திக் கேட்ட அந்த அக்கா வந்தப்ப, அம்மா தலைப்பை இழுத்து மூடல. முழங்கையைத் திருப்பிக் காட்டி, “இதுக்குப் பேரு சொரியாசிஸ், ஒட்டாது, இருபது வருஷமா இவங்கப்பாவுக்கு ஒட்டல பாருங்க”ன்னாங்க. அந்தக்கா சிரிச்சுக்கிட்டே ஒரு கிலோ வாங்கிட்டுப் போனாங்க. போன வாரம் தங்கச்சி மகனுக்கு இதே மாதிரி இருக்குன்னு கூட்டிட்டு வந்தாங்க. அம்மா அவனுக்கு விரல்நுனி அளவு சொல்லிக் கொடுக்கறதைப் பாத்துக்கிட்டு நின்னேன். முதல்ல டாக்டர்கிட்ட காட்டுன்னும் சொன்னாங்க, நல்லவேளை.

நான் டாக்டர் இல்ல, இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரை வாங்கிடாதீங்க. உங்க வீட்லயும் யாருக்காவது இருந்தா, டாக்டர் அறையை விட்டு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு கேள்வியை மட்டும் கேட்டுடுங்க:

1. இது முழுசா போகுமா, கட்டுக்குள்ள வைக்கறதா?
2. களிம்பு எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்? எங்கே கூடாது?
3. மாத்திரை எந்தக் கிழமை? தமிழ்ல எழுதிக் கொடுங்க.
4. என்ன ஆனா உடனே திரும்பி வரணும்?
5. நான் செய்யற வேலையில எதை மாத்திக்கணும்?

பின்னால நூறு பேர் நிப்பாங்க. முறைப்பாங்க. பரவாயில்ல, கேளுங்க. மருத்துவம், நர்சிங், ஃபார்மசி படிக்கற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, நான் தப்பா எழுதியிருந்தா திருத்துங்க. நாளைக்கு நீங்க அந்த நாற்காலியில உக்காரும்போது ஒரு ஆளுக்கு ஒரு பதினஞ்சு நிமிஷம் எப்படியாவது ஒதுக்கப் பாருங்க.

மணி அஞ்சாகப் போகுது. ஸ்டூலை எடுத்து வாசல்ல போடணும்.